பழைய பிக்கப்பைப் புதுப்பித்தாயிற்று, இனி அதை விற்பது எப்படி?

மூன்று வருட சனி ஞாயிறுகளைத் தின்ற என் 1971 செவ்ரோலே சி10 பிக்கப்பை ஒரு வழியாக டெக்சஸில் விற்றுவிட்டேன். முதல் தடவை என்பதால் நிறையச் சொதப்பினேன். நீங்கள் சொதப்ப வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: விலை

போட்ட காசு திரும்பி வராது. இதை முதலில் மனசுக்குச் சொல்லிவிடுங்கள். எல்எஸ் எஞ்சின் (பின்னாளில் வந்த வி8 எஞ்சின்) மாற்றியது, வண்டியைத் தாழ்த்தியது, ஆரஞ்சு பெயின்ட் எல்லாம் உங்கள் ஆசைக்குச் செய்தது, வாங்க வருகிறவருக்கு அந்த ஆரஞ்சைக் கண்டாலே பிடிக்காமல் போகலாம். பழைய வண்டிகளுக்கு இன்சூரன்ஸ் தரும் ஹேகர்டி நிறுவனத்தின் விலைப் பட்டியலில் வண்டியின் நிலையை 1 முதல் 4 வரை பிரித்திருப்பார்கள். நம் வண்டி 1 என்றுதான் தோன்றும், ஆனால் அது கண்காட்சியில் நிறுத்துவதற்கென்றே வைத்திருக்கும் வண்டிகளுக்கு. ரோட்டில் ஓட்டுகிற நல்ல வண்டி பெரும்பாலும் 3, ரொம்ப நன்றாக இருந்தால் 2. மாற்றங்கள் செய்த வண்டிக்கு அந்தப் பட்டியல் மட்டும் போதாது. பிரிங் எ டிரெய்லர் போன்ற ஏலத் தளங்களில் உங்களுடையதைப் போன்ற வண்டி என்ன விலைக்குப் போனது என்று பாருங்கள். கேட்ட விலையைப் பார்க்காதீர்கள், முடிந்த விலையைப் பாருங்கள்.

படி 2: காகிதம்

டைட்டிலில் (வண்டியின் உரிமைப் பத்திரத்தில்) இருக்கும் வின் எண்ணும் (கம்பெனி வண்டிக்குக் கொடுத்த அடையாள எண், நம்பர் பிளேட் எண் அல்ல) ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் இருக்கும் தகட்டு எண்ணும் ஒன்றா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். 17 இலக்க எண் 1981 மாடலிலிருந்துதான் வந்தது, அதனால் சில தளங்களின் படிவம் உங்கள் எண்ணை ஏற்காது. பதற வேண்டாம். பில்களையும், வண்டியைப் பிரித்துப் போட்டிருந்தபோது எடுத்த படங்களையும் ஒரே கோப்பில் வையுங்கள். மின்னுகிற பெயின்ட்டை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்பதற்கு அந்தப் படங்கள்தான் சாட்சி.

படி 3: குறையை நீங்களே முதலில் சொல்லுங்கள்

நான் அடி வாங்கியது இங்கேதான். இந்த வண்டிகளில் பெட் என்கிற பின்பக்கத் தொட்டி இரண்டு நீளத்தில் வரும்: 8 அடி லாங் பெட் உண்டு, 6.5 அடி ஷார்ட் பெட் உண்டு. ஷார்ட்டுக்குத்தான் கிராக்கி, அதனால் பலர் லாங் பெட்டை வாங்கி, சேசிஸை (அடிச்சட்டத்தை) வெட்டி, 127 அங்குல வீல்பேஸை (முன், பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட நீளத்தை) 115 ஆக்கிவிடுவார்கள். என்னுடையதும் அப்படித்தான். தப்பான வேலை இல்லை, ஆனால் விளம்பரத்தில் அதை எழுதாமல் விட்டுவிட்டேன். பார்க்க வந்த ஒரு பெரியவர் பெயின்ட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. க்ளவ் பாக்ஸ் கதவைத் திறந்து, உள்ளே ஒட்டியிருந்த கம்பெனி லேபிளைப் படித்தார், அதில் பழைய 127 அப்படியே இருந்தது. அப்புறம் டார்ச்சோடு மல்லாக்கப் படுத்து வண்டிக்கு அடியில் போனார், வெல்டிங் கோட்டை விரலால் தடவினார், எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டு 'தேங்க்ஸ்' சொல்லிவிட்டுப் போய்விட்டார். விலைகூடக் கேட்கவில்லை!

அன்று இரவே அந்த வெல்டிங்கை அருகில் வைத்துப் படமெடுத்து விளம்பரத்தில் சேர்த்தேன். அடுத்து வந்தவர் யார் வெல்டு செய்தது, தட்டு வைத்து வலுவூட்டியிருக்கிறதா என்று மட்டும் கேட்டார். அவர்தான் வாங்கினார்.

துருவும் இதே கதைதான். ராக்கர் பேனல் (கதவுக்குக் கீழே ஓடும் தகடு), கேபின் மூலைகள், தரை: இந்த மூன்று இடத்திலும் வருகிறவர் காந்தம் வைத்துப் பார்ப்பார், துருவை மறைக்கப் பூசிய பட்டி தடிமனாக இருந்தால் காந்தம் ஒட்டாது. அவர் வருவதற்கு முன்பே நீங்கள் அதை வைத்துப் பாருங்கள். பெருமையடிக்க வேண்டியதையும் மறக்காதீர்கள்: இந்த மாடலில் பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருக்கும், அதைப் பின்பக்கத் தொட்டிக்கு அடியில் மாற்றியிருந்தால் படத்தோடு எழுதுங்கள்.

படி 4: படம், வீடியோ

காலை வெயிலில் எடுங்கள், அடிப்பாகம் கட்டாயம். எஞ்சின் மேல் கையை வைத்து அது ஆறியிருப்பதைக் காட்டிவிட்டு ஸ்டார்ட் செய்யும் வீடியோ ஒன்று போதும்.

படி 5: பணம்

ஓட்டிப் பார்க்கக் கேட்டால் லைசென்ஸையும் இன்சூரன்ஸையும் பார்த்துவிட்டு நீங்களும் கூடவே ஏறுங்கள். கேஷியர்ஸ் செக் (வங்கியே தன் பொறுப்பில் எழுதித் தரும் செக்) என்றால் வாங்குபவரின் வங்கிக்கே போய், உங்கள் கண் முன்னால் எழுத வையுங்கள். போலிச் செக்கைப் போட்டாலும் முதலில் பணம் ஏறியதாகக் கணக்கு காட்டும், பல நாள் கழித்துத் திரும்பும், அதற்குள் வண்டி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ.

படி 6: கைமாற்றிய பிறகு

டெக்சஸில் டைட்டிலோடு 130-யு என்ற டைட்டில் மாற்ற விண்ணப்பப் படிவத்திலும் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். நம்பர் பிளேட்டைக் கழற்றிக்கொள்ளுங்கள், விற்ற தகவலை 30 நாளுக்குள் மாநிலத்துக்குத் தெரிவியுங்கள். கலிஃபோர்னியாவில் அதற்கு 5 நாள்தான். தெரிவிக்காவிட்டால் அவர் வாங்கும் டோல் பில்லும் பார்க்கிங் அபராதமும் உங்கள் வீட்டுக்கு வரும்.

கழற்றி வைத்த பழைய பாகங்களையும் சேர்த்துக் கொடுங்கள். நான் பழைய ஸ்டியரிங் வீலை மட்டும் கொடுக்கவில்லை, அது ஷெட் சுவரில் தொங்குகிறது.