க்ளிப் போட்ட பல்லில் வேர் கரைகிறதா? வலிக்கட்டும், பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்

பல்லுக்கு க்ளிப் போட்டால் வேரின் நுனி லேசாகக் கரைவது பெரும்பாலானவர்களுக்கு நடப்பதுதான். ஒன்றிரண்டு மில்லிமீட்டரோடு நின்றால் பல்லுக்கு ஒன்றும் ஆகாது, இதைக் கேட்டுப் பயந்து சிகிச்சையே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். ஆனால் நூற்றில் சிலருக்கு 4 மில்லிமீட்டரைத் தாண்டியும் கரையும், அதிலும் மேல்வரிசை முன்பற்களில்தான் பாதிப்பு அதிகம்.

வலி வந்தால் டாக்டரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. கம்பியை இறுக்கிய மறுநாள் வரும் வலி வேறு. வேர் கரைவது பெரும்பாலும் வலிக்கவே வலிக்காது. எக்ஸ்ரேயில்தான் தெரியும், கூராக முடிய வேண்டிய நுனி வெட்டிவிட்டது போல மழுங்கி இருக்கும். அதனால் தொடங்கும் முன் ஒரு எக்ஸ்ரே, அப்புறம் 6 முதல் 12 மாதத்துக்குள் முன்பற்களுக்கு இன்னொன்று தேவையா என்று நீங்களே கேளுங்கள். கரைவது தெரிந்தால் இரண்டு மூன்று மாதம் பல்லை நகர்த்தாமல் விட்டுவைப்பார்கள், அந்த ஓய்வில் புண்பட்ட வேர்ப்பரப்பு ஆறத் தொடங்கும். கல்யாணம் வருகிறது, காலேஜ் தொடங்குகிறது என்று அந்த இடைவெளியைத் தட்டிக் கழிக்காதீர்கள்.

"கொஞ்சம் டைட்டா போடுங்க டாக்டர், சீக்கிரம் முடியட்டும்" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய தசைநார் இருக்கிறது. அழுத்தம் அதிகமானால் அது நசுங்கி, அந்த இடத்தில் ரத்த ஓட்டம் நின்றுவிடும். செத்த திசுவை அப்புறப்படுத்த வரும் செல்கள் வேரின் மேலுறையையும் சேர்த்து அரித்துவிடும். மெதுவாக நகர்த்துவதற்குக் காரணமே இதுதான், டாக்டர் இழுத்தடிக்கிறார் என்று நினைக்க வேண்டாம். அதற்காக அப்பாயின்ட்மென்ட்டைத் தவறவிட்டு, ரப்பர் பேண்ட் மாட்டாமல், ஒரு வருடத்தில் முடிய வேண்டியதை மூன்று வருடம் ஆக்குவதும் ஆபத்துதான், ஏனென்றால் சிகிச்சை நீள நீள வேர் கரையும் வாய்ப்பும் கூடும்.

சின்ன வயதில் விழுந்து முன்பல்லில் அடிபட்டது, அண்ணனுக்கோ அக்காவுக்கோ க்ளிப் போட்டு வேர் குறைந்தது, நகம் கடிக்கும் பழக்கம், இவையெல்லாம் வேர் கரையும் ஆபத்தைக் கூட்டலாம், யாரும் கேட்கவில்லையே என்று சொல்லாமல் விடாதீர்கள். ரூட் கெனால் செய்த பல் இருக்கிறதே என்று மட்டும் பயப்பட வேண்டாம், அதற்குக் கூடுதல் ஆபத்து இல்லை.

கம்பிக்குப் பதிலாகக் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறையான அலைனர் போட்டால் இந்தப் பிரச்சினையே வராது என்பதும் சரியல்ல. அதுவும் அழுத்தித்தான் பல்லை நகர்த்துகிறது. எக்ஸ்ரே கூட எடுக்காமல் ஆன்லைனில் ஆர்டர் செய்து போட்டுக்கொள்வதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

க்ளிப்பைக் கழற்றியதும் கரைவது பொதுவாக நின்றுவிடும், ஆனால் போன நீளம் திரும்பாது. வேர் குட்டையான பல்கூட, ஈறும் எலும்பும் நன்றாக இருந்தால், பல வருடம் நிற்கும், அதனால் இனி ஈறு நோய் வராமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம். கழற்றிப் பல மாதம் ஆகியும் பல் ஆடிக்கொண்டே இருந்தால், பல் திரும்ப நகராமல் இருக்கப் போடும் ரிட்டெய்னரோடு போய்க் காட்டி, அந்தப் பல்லுக்கு மட்டுமாவது ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.