கேமிங் லேப்டாப்பில் கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றா, இரண்டா? வாங்கும் முன்பும் வாங்கிய பிறகும் பார்க்க வேண்டியவை

நான் லேப்டாப் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு விளம்பரத்தில் "டூயல் கிராஃபிக்ஸ்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. கார்டு இரண்டு என்றால் வேகமும் இரண்டு மடங்கு என்று நம்பி வாங்கினேன். முதல் நாளே கேம் திணறியது. காரணம் பிடிபட இரண்டு வாரம் ஆயிற்று. அந்த இரண்டு வாரம் உங்களுக்கு மிச்சமாகட்டும்.

படி 1: எந்த "இரண்டு" என்று பாருங்கள்

இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, இரண்டு தனி கார்டுகளைச் சேர்த்து ஓட்டுவது. என்விடியா இதை எஸ்எல்ஐ என்றது, ஏஎம்டி கிராஸ்ஃபயர் என்றது. மற்றொன்று, பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸும் அதோடு ஒரு தனி கார்டும். இன்றைய கேமிங் லேப்டாப்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகைதான். இதில் இரண்டும் சேர்ந்து கேமை வேகப்படுத்துவதில்லை. சாதாரண வேலைக்கு உள்ளிருப்பது, கேமுக்குத் தனி கார்டு என்று மாறி மாறி ஓடும். பேட்டரியைக் காப்பதுதான் நோக்கம்.

படி 2: பழைய எஸ்எல்ஐ லேப்டாப் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்

2017-ல் வந்த ஏசர் பிரிடேட்டர் 21 எக்ஸில் ஜிடிஎக்ஸ் 1080 கார்டுகள் இரண்டு இருந்தன. எடை 8 கிலோவுக்கு மேல், சார்ஜரும் இரண்டு. அன்றைக்கு அது பிரமிப்புதான். ஆனால் இரண்டு கார்டுகளும் ஃப்ரேம்களை (திரையில் அடுத்தடுத்து வரும் படங்களை) ஆளுக்கொன்றாக மாற்றி மாற்றி வரையும்; ஃப்ரேம்களுக்கு இடையிலான நேரம் சீராக இல்லாவிட்டால், நொடிக்கு இத்தனை ஃப்ரேம் என்ற எண்ணிக்கை உயர்வாகக் காட்டினாலும் கண்ணுக்குச் சின்னச் சின்ன உதறல் தெரியும். கார்டின் நினைவகமும் இரட்டிப்பாகாது. ஒரே தரவை இரண்டிலும் வைத்தாக வேண்டும் என்பதால் 8 ஜிபியும் 8 ஜிபியும் சேர்ந்தாலும் கேமுக்கு 8 ஜிபிதான். எல்லாவற்றுக்கும் மேல், 2021 ஜனவரி 1 முதல் ஆர்டிஎக்ஸ் 20 வரிசைக்கும் அதற்கு முந்தையவற்றுக்கும் புதிய எஸ்எல்ஐ ப்ரொஃபைல் (ஒரு கேமில் இரண்டு கார்டுகளையும் இயக்க டிரைவரில் வைக்கும் அமைப்பு) சேர்ப்பதை என்விடியா நிறுத்திவிட்டது. அதன்பின் வந்த கேமை உருவாக்கியவரே தனியாக ஆதரவு எழுதியிருந்தால் தவிர, இரண்டாவது கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும்.

படி 3: ஒற்றை கார்டை வாட்டைப் பார்த்து வாங்குங்கள்

கார்டின் பெயரை மட்டும் நம்பக் கூடாது. லேப்டாப் ஆர்டிஎக்ஸ் 4060 என்ற ஒரே பெயரில் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை வருகிறது. மெல்லிய லேப்டாப்பில் குறைந்த வாட்டில் அடைபட்டதும், தடித்த லேப்டாப்பில் முழு வாட்டில் ஓடுவதும் கேமில் ஒன்றாக இருக்காது. விவரப் பட்டியலில் டிஜிபி என்ற எண்ணைத் தேடுங்கள்; கார்டு எத்தனை வாட் வரை எடுக்கும் என்பதுதான் அது. அது போடாத மாடலை நான் தொடவே மாட்டேன்.

அடுத்து மக்ஸ் ஸ்விட்ச். அது இல்லாத லேப்டாப்பில் தனி கார்டு வரைந்த ஒவ்வொரு ஃப்ரேமும் உள் கிராஃபிக்ஸ் வழியாகத்தான் திரைக்குப் போகும். அதில் கொஞ்சம் வேகம் கழியும். மக்ஸ் இருந்தால் தனி கார்டையே நேராகத் திரையோடு இணைக்கலாம்.

படி 4: கேம் எந்தக் கார்டில் ஓடுகிறது?

நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போனால் ஜிபியு 0, ஜிபியு 1 என்று இரண்டு தெரியும் (ஜிபியு என்றால் கிராஃபிக்ஸ் சிப்). எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள், பக்கத்தில் உள்ள பெயரைப் படியுங்கள். பிறகு கேமை ஓட்டியபடியே ப்ராசஸஸ் பகுதிக்கு வந்து, தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து "ஜிபியு என்ஜின்" என்ற நெடுவரிசையை இயக்குங்கள். கேமுக்கு நேரே எந்த எண் இருக்கிறதோ அதுதான் கேமை வரைகிறது. என் கேமுக்கு நேரே இருந்தது உள் கிராஃபிக்ஸின் எண்.

மாற்றுவது விண்டோஸ் செட்டிங்ஸில்: சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ். அங்கே கேமைச் சேர்த்து "ஹை பெர்ஃபார்மன்ஸ்" தேர்ந்தெடுக்க வேண்டும். நானும் அப்படித்தான் செய்தேன், ஒன்றும் மாறவில்லை. நான் சேர்த்தது கேமைத் திறந்துவிடும் லாஞ்சரை! இந்த அமைப்பு ஒவ்வொரு இஎக்ஸ்இ கோப்புக்கும் தனித்தனி. லாஞ்சர் ஒரு கோப்பு, அது திறக்கும் கேம் வேறொரு கோப்பு. பல கேம்களில் அது நாலைந்து கோப்புறைகளுக்கு உள்ளே இருக்கும். தேடி அலைய வேண்டாம். கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் அதன்மேல் ரைட் கிளிக் செய்து "ஓபன் ஃபைல் லொகேஷன்" கொடுங்கள். அங்கே தெரியும் கோப்பைத்தான் சேர்க்க வேண்டும். கேமை மூடித் திறந்ததும் எண் மாறியிருக்கும்.

வாட் அளக்க எனக்குப் பிடித்தது எச்டபிள்யூஇன்ஃபோ. லேப்டாப்போடு வரும் கம்பெனி மென்பொருளைவிட அது தெளிவு. சார்ஜரைச் செருகிவிட்டு அளந்து பாருங்கள்; பேட்டரியில் தனி கார்டு முழு வாட்டை எட்டாது.

பின்சேர்க்கை: கேம் தனி கார்டுக்கு மாறிய பிறகும் உள் கிராஃபிக்ஸில் பயன்பாடு காட்டுகிறதே என்று சிலர் கேட்டார்கள். மக்ஸ் இல்லாவிட்டால் அப்படித்தான் இருக்கும். ஃப்ரேம் அதன் வழியே போகிறது, அவ்வளவுதான். வெளி மானிட்டர் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு போர்ட்டிலும் செருகிப் பாருங்கள். சில லேப்டாப்களில் எச்டிஎம்ஐ நேராகத் தனி கார்டோடு இணைந்திருக்கும். அதில் மக்ஸ் இல்லாமலேயே அந்த இழப்பு போய்விடும்.