அப்பாவின் பி.எஃப். பென்ஷன்: 8 ஆண்டு சர்வீஸ் 12 ஆண்டான கதை

அப்பா 58 வயதில் பம்புசெட் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்றார். இரண்டு மாதம் கழித்து பி.எஃப். உறுப்பினர் தளத்தைத் திறந்தால், பென்ஷனுக்கான படிவம் 10டி வரவில்லை, 10சி மட்டும்தான் வருகிறது. 10சி போட்டால் பென்ஷன் கணக்கில் உள்ளதை ஒரே தொகையாகக் கொடுத்துவிடுவார்கள். மாதாமாதம் எதுவும் வராது. "வர்றத வாங்கிரு கண்ணு, எதுக்கு அலைச்சல்" என்றார் அப்பா. நானும் கிட்டத்தட்ட அழுத்தியிருப்பேன்.

யு.ஏ.என். (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்), ஆதாரோடு இணைந்த மொபைல் எல்லாம் உங்களிடம் இருக்கும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் சர்வீஸை எண்ணுங்கள்

இ.பி.எஸ். (பி.எஃப்.-ஓடு சேர்ந்த பென்ஷன் திட்டம்) பென்ஷனுக்குக் குறைந்தது 10 ஆண்டு சர்வீஸ் வேண்டும். உதிரியாக ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்தால் அதையும் ஓர் ஆண்டாகக் கணக்கு வைப்பார்கள், ஆக 9½ ஆண்டு இருந்தாலே போதும். தளத்தில் 'சர்வீஸ் ஹிஸ்டரி' என்ற பகுதியைப் பாருங்கள். அப்பாவுக்கு அதில் 2016 முதல் 2024 வரை, 8 ஆண்டுதான் இருந்தது. 2010-லிருந்து 2014 வரை ஸ்பின்னிங் மில்லில் இருந்த 4 ஆண்டைக் காணோம். அந்தப் பணத்தை அப்பா எடுக்கவும் இல்லை. யு.ஏ.என். வருவதற்கு முந்தைய கணக்கு என்பதால் அது எதோடும் சேராமல் தனியாகக் கிடந்தது.

வேலை மாறும்போது 10சி போட்டுப் பணத்தை எடுத்திருந்தால் அந்த ஆண்டுகள் போனது போனதுதான். எங்கள் பக்கம் மில் மாறிய பலர் இப்படிச் செய்திருக்கிறார்கள்.

பாஸ்புக் பார்க்க அரசின் உமங் செயலி போதும். திருத்தம், கிளைம் எல்லாம் லேப்டாப்பில் செய்வதுதான் என் பழக்கம். பிரவுசிங் சென்டரில் கடவுச்சொல்லையும் ஓ.டி.பி.யையும் சொல்லிவிட்டு வருவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

இனிஷியல்: நான் மாட்டிக்கொண்ட இடம்

பழைய கணக்கை மாற்ற படிவம் 13 போட்டேன், திரும்பி வந்தது. மில் பதிவில் அப்பாவின் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து. ஆதாரிலோ பெயருக்குப் பின்னால் தாத்தாவின் பெயர் முழுதாக இருக்கிறது. நமக்கு இரண்டும் ஒரே ஆள்தான், கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். இதைக் கவனிக்காமல் அதே படிவத்தை இன்னொரு முறை போட்டு ஒரு மாதத்தை வீணாக்கியது நான்தான்.

இதைச் சரிசெய்ய 'ஜாயின்ட் டிக்ளரேஷன்' (விவரங்களைத் திருத்தக் கேட்கும் படிவம்) போட வேண்டும். 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு, ஆதார் சரிபார்த்து வாங்கிய யு.ஏ.என். என்றால் பெயர், பிறந்த தேதியையெல்லாம் நீங்களே ஆன்லைனில் திருத்தலாம். அதற்கு முந்தையது என்றால் கம்பெனி ஒப்புதல் தர வேண்டும். கம்பெனியே மூடிப்போயிருந்தால்? எங்கள் மில் அப்படித்தான். காகிதப் படிவத்தில் கெஜட்டட் அதிகாரி, வங்கி மேலாளர் போன்ற ஒருவரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். எங்களுக்கு உதவியது அம்மா டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த மில் சம்பளச் சீட்டு. பிஸ்கட் நிறத்துக்கு வந்துவிட்ட அந்தத் தாளின் மூலையில் பழைய பி.எஃப். எண் அச்சாகியிருந்தது. பழைய சீட்டு எதையும் எடைக்குப் போடாதீர்கள்.

திருத்தம் ஏறியதும் படிவம் 13-ஐ மறுபடி போட்டேன். சர்வீஸ் 12 ஆண்டு ஆனது, 10டி-யும் வந்தது.

எவ்வளவு வரும்?

இணையத்தில் கிடைக்கும் சூத்திரம்: சம்பளம் × சர்வீஸ் ÷ 70. சம்பளம் என்பது கடைசி 60 மாதச் சராசரி, உச்சவரம்பு 15,000. அப்படிப் போட்டால் அப்பாவுக்கு 2,571 ரூபாய். உண்மையில் 2014 செப்டம்பருக்கு முந்தைய சர்வீஸுக்கு உச்சவரம்பு 6,500-தான். ஆக 4 ஆண்டுக்கு 371, 8 ஆண்டுக்கு 1,714, மொத்தம் 2,085 சொச்சம். குறைவுதான். ஆனால் அப்பாவுக்குப் பிறகு அம்மாவுக்கு இதில் பாதி வரும். 60 வயது வரை தள்ளிப்போட்டால் ஆண்டுக்கு 4% கூடும். 50 வயதிலிருந்தே முன்கூட்டி வாங்கவும் முடியும், அப்போது ஆண்டுக்கு 4% குறையும்.

10டி போடுவதற்கு முன் இ-நாமினேஷன் (ஆன்லைனில் வாரிசு நியமனம்) முடிந்திருக்க வேண்டும். பெயரைச் சேமித்தால் மட்டும் போதாது, ஆதார் ஓ.டி.பி. போட்டு இ-சைன் செய்தால்தான் முடிந்ததாக அர்த்தம்.

பி.எஃப். பணத்தை என்ன செய்தோம்?

தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். 60 வயதில்தான் சேர முடியும் என்று நினைத்திருந்தேன். பணி ஓய்வு பெற்றவர்கள் 55 முடிந்திருந்தாலே சேரலாம், ஆனால் ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும். அப்பா சேர்ந்தபோது வட்டி 8.2%. 10 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய். உச்சவரம்பு 30 லட்சம். 5 ஆண்டு முடிந்ததும் நீட்டித்துக்கொள்ளலாம்.

பின்சேர்க்கை 1: பி.எஃப். இல்லாத தையல் வேலைக்கு என்ன வழி என்று ஒரு அக்கா கருத்தில் கேட்டிருந்தார். 40 வயதுக்குள் இருந்து, வருமான வரி கட்டாதவர் என்றால் அடல் பென்ஷன் திட்டத்தில் சேரலாம். 60-க்கு மேல் மாதம் 5,000 ரூபாய் வேண்டுமானால் 18 வயதில் சேர்பவர் மாதம் 210 கட்டுவார், 40-இல் சேர்பவர் 1,454 கட்டுவார்.

பின்சேர்க்கை 2: பழைய கம்பெனி வெளியேறிய தேதியைப் பதியவில்லை என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். கடைசி பங்களிப்பு ஏறி இரண்டு மாதம் ஆனதும் 'மார்க் எக்ஸிட்'டில் நீங்களே பதியலாம்.

பின்சேர்க்கை 3: பென்ஷன் வர ஆரம்பித்த பிறகு ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். இ.பி.எஸ். காரர்கள் நவம்பருக்காகக் காத்திருக்க வேண்டாம், எந்த மாதத்தில் கொடுத்தாலும் 12 மாதம் செல்லும். கம்பெனியில் காஸ்டிங் (வார்ப்பு இரும்பு) பிடித்துப் பிடித்து அப்பாவின் விரல் ரேகை தேய்ந்துவிட்டது, மெஷினில் ஏறவே இல்லை. உயிர்வாழ் சான்றுக்கான ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டித்தான் முடித்தோம். வாசல் வெளிச்சத்தில் நிற்க வைத்து, கண்ணாடியைக் கழற்றி, ஒருமுறை கண் சிமிட்டச் சொன்னேன். ஏற்றுக்கொண்டது.