பிசிஓஎஸ்ல பீரியட்ஸ் தள்ளிப் போனா என்ன பண்ணனும்

பிசிஓஎஸ்ங்கறது முட்டை ஒழுங்கா வெளிய வராம பீரியட்ஸ் தள்ளிப் போக வைக்கற ஒரு ஹார்மோன் கோளாறு. மொதல்ல ஒன்னு, மாசா மாசம் டான்னு 28ஆம் நாள் வரணும்னு அவசியமே இல்லங்க. 21லேருந்து 35 நாளுக்குள்ள வந்தா நார்மல்தான், 21க்கு முன்னாடியே வருது, 35ஐ தாண்டித் தாண்டியே வருது, இல்ல வருஷத்துக்கு 8 தடவை கூட வரலன்னாதான் இர்ரெகுலர். (வயசுக்கு வந்து ரெண்டு மூணு வருஷம் ஆகாத பொண்ணுங்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.) ஆனா 90 நாளைத் தாண்ட விடாதீங்க. முட்டை வெளிய வராத மாசத்துல புரோஜெஸ்ட்ரான்ங்கற ஹார்மோன் சரியா சுரக்காது, ஈஸ்ட்ரோஜன்ங்கற இன்னொரு ஹார்மோன் மட்டும் வேலை பாத்துட்டே இருக்கும், கர்ப்பப்பை உள்சுவர் உதிராம தடிச்சுக்கிட்டே போகும், வருஷக்கணக்கா அப்படியே விட்டா கேன்சர் வர்ற வாய்ப்பு கூடும். வராம இருந்தா நாப்கின் செலவு மிச்சம்னு சிரிக்கறவங்களுக்குத்தான் இத முக்கியமா சொல்றேன்.

அதனால தேதி எழுதி வைங்க. ஆப்ல போடுங்க, இல்ல கிச்சன் காலண்டர்ல ஆரம்பிச்ச நாளுக்கு ஒரு சுழி, நின்ன நாளுக்கு ஒரு சுழி, அது போதும். ஆப் சொல்ற 'ஓவுலேஷன் டே'ய (முட்டை வெளிய வர்ற நாள்) மட்டும் நம்பாதீங்க, அது ரெகுலரா வர்றவங்களுக்குப் போட்ட கணக்கு.

தள்ளிப் போச்சுன்னா, கர்ப்பமாக கொஞ்சமாவது வாய்ப்பு இருக்குன்னா, காலைல மொத யூரின்ல ஒரு டெஸ்ட் பாத்துடுங்க. பிசிஓஎஸ்னா குழந்தை உண்டாகாதுன்னு நெனச்சு அசால்ட்டா இருந்து நாலாம் மாசம் தெரிய வர்ற கதையெல்லாம் நம்ம ஊர்ல நெறைய.

இங்கதான் எல்லாரும் பண்ற வேலை ஒன்னு இருக்கு, தெருமுனை மெடிக்கல்ல போய் மெதுவா "அண்ணா, பீரியட்ஸ் வர்ற மாத்திரை"ன்னு கேக்கறது, அவரும் ஒரு ஸ்ட்ரிப்ப பேப்பர்ல சுத்தி குடுத்துடுவாரு. பல சமயம் அது கோயில் விசேஷத்துக்கு தள்ளிப் போடக் குடுக்கற அதே நாரெத்திஸ்டெரோன் மாத்திரைதான். டாக்டருங்க பொதுவா குடுக்கறது மெட்ராக்ஸிபுரோஜெஸ்ட்ரோன், 5லேருந்து 10 நாள் போட்டு நிறுத்தினா அடுத்த சில நாள்ல ப்ளீடிங் வரும். வந்துச்சுன்னா உள்சுவர் உதிர்ந்துச்சுன்னுதான் அர்த்தம், பிசிஓஎஸ் சரியாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. ரெண்டு வாரம் ஆகியும் வரலன்னா திரும்ப டாக்டர்கிட்ட போங்க, இன்னொரு ஸ்ட்ரிப் வாங்காதீங்க.

டெஸ்ட் எழுதும்போது தைராய்டுக்கு டிஎஸ்ஹெச் டெஸ்ட்டும், பால் சுரக்க வைக்கற ஹார்மோனான புரோலாக்டின் டெஸ்ட்டும் இருக்கான்னு பாருங்க, ஏன்னா அது ரெண்டும் கெட்டாலும் பீரியட்ஸ் நிக்கும், பிசிஓஎஸ்னு பேர் மட்டும் விழுந்துடும். சுகர், கொலஸ்ட்ரால், பிபியும் பாக்கணும். கல்யாணம் ஆகாதவங்களுக்கு வயித்து மேலதான் ஸ்கேன், ஒரு லிட்டர் தண்ணிய குடிச்சுட்டு கால மாத்தி மாத்திப் போட்டு உக்காந்திருக்கணும், உள்ள போனா "இன்னும் கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு வாம்மா"ன்னு வெளிய அனுப்புவாங்க பாருங்க, அந்தக் கொடுமை தனி. ஸ்கேன்ல நீர்க்கட்டி மாதிரி தெரிஞ்சா மட்டும் பிசிஓஎஸ் ஆயிடாது. பீரியட்ஸ் கோளாறு, ஆண் ஹார்மோன் கூடுதல், இந்த ஸ்கேன், மூணுல குறைஞ்சது ரெண்டு இருக்கணும். செலவுக்கு யோசிக்கறவங்க எழும்பூர் தாய் சேய் ஆஸ்பத்திரி, திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரின்னு அரசு ஆஸ்பத்திரிகளுக்குப் போலாம், சீக்கிரமே போய் ஓபி சீட்டு வாங்கிடுங்க.

இப்போதைக்கு குழந்தை வேணாம்னா கருத்தடை மாத்திரை குடுப்பாங்க. கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு எதுக்குன்னு அம்மா பதறுவாங்க, ஆனா அது இங்க சைக்கிள ஒழுங்கு பண்ணவும் உள்சுவரப் பாதுகாக்கவும்தான், முகப்பருவும் முகத்துல முடியும்கூட குறையும். கண்ணுல பூச்சி பறக்கற மாதிரி வர்ற மைக்ரேன், ஹை பிபி, ரத்தம் உறைஞ்ச ஹிஸ்டரி இருந்தா கேக்காட்டியும் நீங்களே சொல்லிடுங்க. மெட்ஃபார்மின் (சுகருக்குக் குடுக்கற மாத்திரைதான்) குடுத்தா சாப்பாட்டோட போடுங்க, மொத கொஞ்ச நாள் வயிறு கலக்கும், டோஸ மெதுவாத்தான் ஏத்துவாங்க.

வெயிட் கூட இருக்கறவங்க 5 சதவீதம் குறைச்சாலே பல பேருக்கு பீரியட்ஸ் திரும்ப ஆரம்பிக்கும், 80 கிலோன்னா 4 கிலோதான். ஒல்லியா இருக்கறவங்களுக்கும் பிசிஓஎஸ் வரும், அவங்க பட்டினி கெடக்க வேணாம். சோத்த விடச் சொல்லல, அளவ குறைச்சு பொரியல அள்ளி வைங்க, இட்லியோட சட்னி மட்டும் தொட்டுக்காம சாம்பாரும் ஒரு முட்டையும் சேத்துக்கோங்க, டீக்கடை டீல சக்கரை கம்மின்னு சொல்லுங்க. வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமா நடக்கணும், மே மாசத்துல பகல்ல முடியாது, சாயங்காலம் பெசன்ட் நகர் பீச்சோ, இல்ல மொட்டை மாடியோ.

கழற்சிக்காய் பொடி, கருஞ்சீரகம்னு ஆளாளுக்கு சொல்லுவாங்க. எள்ளுருண்டை சாப்பிடறதுல தப்பில்ல, மருந்துன்னு நம்பி மூணு மாசத்த ஓட்டாதீங்க. பொடி ஏதாவது சாப்பிட்டா மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லுங்க, கர்ப்பம் இல்லன்னு தெரியாம எதையும் தொடாதீங்க.

ரொம்ப நாள் கழிச்சு வர்றப்ப ரத்தப்போக்கு அதிகமாவே இருக்கும். ஆனா மணிக்கு ஒரு நாப்கின் நனைஞ்சு ரெண்டு மணி நேரம் அப்படியே போகுது, தலை சுத்துது, இல்ல கர்ப்பமா இருக்கலாம்னு சந்தேகத்தோட ஒரு பக்கமா வயித்து வலின்னா அடுத்த நாள் ஓபிக்குக் காத்திருக்காம அப்பவே எமர்ஜென்சிக்குப் போயிடுங்க.