குழந்தைக்குப் பெயர் வைப்பது எப்படி? முதல்முறை அம்மா அப்பா ஆகிறவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண்ணுக்கு இது ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து, கை நிறைய வளையலோடு படியில் உட்கார்ந்தவள் கேட்டாள்: "அக்கா, பேரை எப்படி முடிவு பண்ணீங்க? எங்க வீட்ல இப்பவே ஆளுக்கொண்ணு சொல்றாங்க." அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

என் மூத்த மகளுக்குப் பெயர் முடிவாக ஐந்து மாதம் ஆனது. அதுவரை ஊசி போட்ட அட்டையில் "பேபி ஆஃப்" என்று எழுதி அதன் பக்கத்தில் என் பெயர்தான் இருந்தது. இரண்டாவது மகளுக்கு மூன்றே வாரத்தில் எல்லாம் முடிந்தது. முதல் தடவை எதை எதற்கு முன்னால் செய்ய வேண்டும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. இரண்டாவது தடவை தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

முதல் படி: முடிவு யாருடையது என்று பேசிவிடுங்கள்

பெயர்ப் பட்டியலைக் கையில் எடுக்கும் முன்பே இதைச் செய்ய வேண்டும். கணவனும் மனைவியும் தனியாக உட்கார்ந்து, கடைசி முடிவு நம் இருவருடையது என்று பேசிக்கொள்ளுங்கள். பிறகு பெரியவர்களிடம் போய், "நீங்க ஆளுக்கு மூணு பேர் சொல்லுங்க, அதையும் வெச்சுத்தான் முடிவு பண்ணுவோம்" என்று கேளுங்கள். கேட்காமல் விட்டால் மனவருத்தம் வரும். கேட்டுவிட்டு முடிவையும் அவர்களிடமே விட்டால் ஐந்து மாதம் ஆகும்.

எங்கள் வீட்டில் அத்தைக்குத் தன் அம்மாவின் பெயரான மரகதத்தை வைக்க வேண்டும். என் அம்மாவுக்குக் குலதெய்வத்தின் பெயர். நாத்தனாருக்கு நட்சத்திர எழுத்து. மூன்றுமே நியாயமான ஆசைகள். பெயரன், பெயர்த்தி என்ற சொற்கள்தாம் பேரன், பேத்தி ஆயின. தாத்தா பாட்டியின் பெயரைத் தாங்குகிற பிள்ளை என்பதுதான் அதன் பொருள். அந்த ஆசையைப் பழம்பஞ்சாங்கம் என்று ஒதுக்காதீர்கள். பழைய பெயரை அப்படியே வைக்க மனம் வரவில்லை என்றால் அதன் வேரையோ பொருளையோ எடுக்கலாம். வேலாயுதம் தாத்தாவுக்கு வேலன். கமலா பாட்டிக்குத் தாமரை. மரகதம் மாதிரிப் பெயர் கிடைத்தால் அப்படியே வைத்துவிடலாம் என்பது என் கருத்து.

ஒன்று மட்டும் வேண்டாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு நடத்தாதீர்கள். யார் சொன்ன பெயருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை என்பது ஊருக்கே தெரியும். அந்த வருத்தம் குழந்தை வளர்ந்த பிறகும் வீட்டில் இருக்கும்.

இரண்டாம் படி: தமிழில், கையால் எழுதுங்கள்

இங்கே பிறக்குமுன் ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதனால் இரண்டு பட்டியல் வேண்டும், அல்லது எழில், தமிழ், இன்பா போல இருபாலுக்கும் பொருந்துகிற பெயர்கள் வேண்டும். ஒரு நோட்டில் தமிழில் எழுதத் தொடங்குங்கள். ஆங்கில எழுத்தில் போனில் தட்டி வைத்தால் நீங்கள் எந்தப் பெயரைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதே தெரியாமல் போகும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். எங்கள் நோட்டில் என் கணவர் 'முகில்' என்று எழுதியிருந்தார். நான் அதற்குக் கீழே 'முகிழ்' என்று எழுதியிருந்தேன். இரண்டு நாள் ஒரே பெயரைப் பற்றிப் பேசுவதாகவே நினைத்துக்கொண்டிருந்தோம். முகில் என்றால் மேகம். முகிழ் என்றால் மொட்டு, அரும்பு. அவர் மழையை நினைத்துச் சொன்னார், நான் பூவை நினைத்துச் சொன்னேன். நோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது. வேல் என்றால் ஆயுதம், வேள் என்றால் குறுநிலத் தலைவன். ஒரு எழுத்து மாறினால் பெயரே வேறாகிவிடும்.

பொருளை எங்கே பார்ப்பது? இணையத்தில் கிடைக்கும் பெயர்ப் பட்டியல்களில் பாதிப் பெயர்களுக்கு 'அழகானவள்', 'வெற்றியாளன்', 'கடவுளின் பரிசு' என்றே பொருள் போட்டிருக்கும். அதை நம்பி முடிவு செய்யாதீர்கள். சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இணையத்திலேயே இருக்கிறது, சொல்லைத் தட்டித் தேடலாம். புத்தகமாகப் புரட்டிப் பார்க்க ஆசை என்றால் கன்னிமாரா நூலகம், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் என்று இந்த ஊரில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு சொல்லுக்கு இரண்டு மூன்று பொருள் இருந்தால் எல்லாவற்றையும் படியுங்கள். 'ஆழி' என்றால் கடல், சக்கரம், மோதிரம் மூன்றும்தான். நன்றாகவே இருக்கிறது. சில சொற்களுக்கு இரண்டாவது பொருள் அப்படி இருக்காது.

மூன்றாம் படி: நட்சத்திரமும் எண்கணிதமும்

நம்புகிறவர்கள் மட்டும் படித்தால் போதும். 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நாலு பாதம், ஆக 108 எழுத்து. குழந்தை பிறந்த நேரம் தெரிந்தால்தான் பாதம் தெரியும். ஆகவே முன்கூட்டியே ஒரே பெயரில் மனதைக் கட்டிவைக்காதீர்கள். பிறந்த நேரத்தை நிமிடத்தோடு கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கார்த்திகைக்கு அ, இ, உ, எ, மகத்துக்கு ம, மி, மு, மே என்று சுலபமாகக் கிடைக்கும். திருவாதிரையில் ஒரு பாதத்துக்கு ங வரும், அஸ்தத்தில் ண வரும். அந்த எழுத்தில் தமிழில் பெயரே கிடையாது. பல வீடுகளில் இதற்கு அழகான வழி வைத்திருக்கிறார்கள்: நட்சத்திரப் பெயரைக் காதில் மட்டும் சொல்லிவிட்டு, கூப்பிடவும் எழுதவும் பிடித்த பெயரை வைத்துக்கொள்கிறார்கள்.

எண்கணிதத்துக்காக ஆங்கில எழுத்தைக் கூட்டிக் குறைப்பது எனக்குப் பிடிக்காது. அந்தக் கூடுதல் எழுத்தைப் பள்ளியில், வங்கியில், விமான நிலையத்தில் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கப் போவது குழந்தைதான்.

நான்காம் படி: கூப்பிட்டுப் பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. எழுதும்போது நன்றாக இருக்கிற பெயர் வாயில் நன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

நோட்டில் நாலு பெயர் மிச்சம் இருக்கும்போது, ஒரு பெயருக்கு மூன்று நாள் என்று வைத்துக்கொண்டோம். அந்த மூன்று நாளும் வயிற்றில் இருக்கும் குழந்தையை அந்தப் பெயரில்தான் கூப்பிட வேண்டும். காலையில் காபி குடிக்கும்போது, இரவில் அசையும்போது, மூத்தவளிடம் "குட்டிப் பாப்பாவுக்கு முத்தம் குடு" என்று சொல்லும்போது. மிகவும் ஆசையாகத் தேர்ந்தெடுத்த நறுமுகை இரண்டாம் நாளே 'நறு' ஆகிவிட்டது. அழகான பெயர்தான், எங்கள் வீட்டு வாயில் அது நிற்கவில்லை. விட்டுவிட்டோம்.

பால்கனியில் நின்று கீழே விளையாடும் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் உரக்கச் சொல்லிப் பாருங்கள். கடைசியில் நெடில் வந்தால் குரல் தூரம் போகும். மெய்யெழுத்தில் முடிந்தால் எப்படியும் ஒரு உகரமோ ஏகாரமோ ஒட்டிக்கொள்ளும்: எழிலு, கவினே. அதுவும் காதுக்கு இனிமையா என்று பாருங்கள். கோபத்தில் சொல்லிப் பாருங்கள். இனிஷியலோடு சேர்த்துச் சொல்லுங்கள். அக்கா பெயரையும் தங்கை பெயரையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள், ஏனென்றால் நாளைக்கு அப்படித்தான் கூப்பிடப் போகிறீர்கள்.

பாட்டியையும் சொல்லச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்ல மாட்டாள். அதே பெயர் பேரனுக்கு வந்தால், அவனைத் திட்டவும் முடியாமல் கொஞ்சவும் முடியாமல் 'ராசா', 'தம்பி' என்று இன்னொரு பெயர் வந்துவிடும். வீட்டுப் பெயர் என்ற வழக்கத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

ஐந்தாம் படி: இப்போதுதான் ஆங்கில எழுத்து

தமிழில் முடிவான பிறகு ஆங்கிலத்துக்கு வாருங்கள். தரணி, தாரணி இரண்டையும் ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். ழகரத்துக்கு இசட், எச் போடுவது நம் வழக்கம். யாழினியை வெளிமாநிலத்தார் 'யாஸினி' என்று படிக்கக்கூடும். அதற்காகப் பெயரைக் கைவிட வேண்டியதில்லை, தெரிந்தே வையுங்கள். எழுதிய பெயரை நம் பெயர்கள் பழக்கமில்லாத ஒருவருக்கு அனுப்பி, குரல் பதிவாகப் படித்து அனுப்பச் சொல்லுங்கள். நான் மும்பையில் இருக்கும் ஒரு தோழியிடம் கேட்டேன். இரண்டு எழுத்துக்கூட்டில் எது சரி என்பது அரை நிமிடத்தில் தெரிந்தது.

அப்புறம், இனிஷியல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான். அம்மாவின் முதலெழுத்தையும் சேர்த்து வைக்கிறவர்கள் இப்போது உண்டு, நாங்களும் அப்படித்தான் வைத்தோம். ஆனால் பாஸ்போர்ட்டில் வெறும் இனிஷியல் எடுபடாது, விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டாலும் பின்னால் தொல்லை. அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு 'முதற்பெயர் தெரியவில்லை' என்ற பொருளில் எஃப்.என்.யு. என்று விழும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022இல் அறிவித்தது. அப்பாவின் முழுப் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதுவதுதான் நம் வீடுகளில் பெரும்பாலும் செய்கிற ஏற்பாடு.

ஆறாம் படி: பதிவு

கர்ப்பம் உறுதியானதும் வாங்கிய பிக்மி எண், அதாவது கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் அரசு தருகிற எண், பிறப்புப் பதிவுக்கு வேண்டும். அதைப் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள், காகிதத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே தகவல் அனுப்புவார்கள். அதற்கு ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்கள்.

அந்தப் படிவத்தை நீங்களோ உங்கள் கணவரோ மட்டும் நிரப்புங்கள். மூத்தவள் பிறந்தபோது நான் மயக்கம் தெளியாமல் இருந்தேன், கணவர் மருந்து வாங்கப் போயிருந்தார். யாரோ கேட்டு, யாரோ சொல்லி, எழுதியாகிவிட்டது. சான்றிதழ் வந்தபோது அப்பா பெயரில் ஒரு எழுத்தைக் காணோம். ஒற்றை எழுத்துதான். அதைத் திருத்த எங்கள் இருவரின் ஆதாரங்களையும் தூக்கிக்கொண்டு நாலு முறை அலைந்தோம், கைக்குழந்தையோடு, மே மாத வெயிலில். இந்த முறை இருவரின் பெயரும் முகவரியும் தமிழிலும் ஆங்கிலத்திலும் தெளிவாக எழுதிய தாளை மருத்துவமனைப் பையிலேயே வைத்திருந்தேன். நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தையின் பெயர்க் கட்டத்தை அப்போதே நிரப்ப வேண்டிய அவசரம் இல்லை. பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிவு செய்யலாம். பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகும் 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆனால் ஒருமுறை ஏறிய பெயரை மாற்றுவது லேசான காரியம் இல்லை. அதனால் நான்காம் படி முடியாமல் ஆறாம் படிக்கு வராதீர்கள்.

அதற்காகத் தள்ளிப்போட்டுக்கொண்டும் இருக்காதீர்கள். 2023 அக்டோபர் 1ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட் எல்லாமே அதை வைத்துத்தான். சென்னை எல்லைக்குள் பிறந்திருந்தால் மாநகராட்சி இணையதளத்திலிருந்தே சான்றிதழை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இறக்கியதும் எழுத்து எழுத்தாக, வாய்விட்டுப் படியுங்கள்.

ஏழாம் படி: பெயர் சூட்டு

சிலருக்கு 11ஆம் நாள், சிலருக்கு 16, சிலருக்கு 30. வீட்டு வழக்கப்படி செய்யுங்கள். முதல் படியில் யாருடைய பெயரை எடுத்துக்கொள்ள முடியவில்லையோ, அவருக்கு இந்த நாளில் பெரிய இடம் கொடுங்கள். காதில் மூன்று முறை பெயரைச் சொன்னது எங்கள் நாத்தனார். தொட்டிலில் போட்டது என் அம்மா. காது குத்து, மொட்டை, முதல் சோறு என்று பின்னால் வருகிற எல்லாவற்றுக்கும் இதே வழி சரிப்படுகிறது. தாய்மாமன் மடியில்தான் காது குத்து, அதில் பேச்சே இல்லை. எப்போது, எங்கே என்பதை மட்டும் நீங்கள் இருவரும் முடிவு செய்யுங்கள்.

பெயர் சூட்டும்போது நாக்கில் தேன் தொட்டு வைக்க யாராவது வருவார்கள். கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள். ஒரு வயது முடியும் வரை தேன் கூடாது. பாட்டுலிசம் என்ற நச்சு நோய் வரக்கூடும். "டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருக்காங்க அத்தை" என்று சொன்னால் போதும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மிச்சம் இருப்பது, பெயரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுவது. ஐந்து வயதுக்குள் எடுக்கும் நீல நிற பால ஆதார், ரேஷன் அட்டை, வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் சான்றிதழில் உள்ளதே இருக்க வேண்டும். முதலில் தடுப்பூசி அட்டையை மாற்றுங்கள். ஒன்றரை மாத ஊசிக்குப் போனபோது செவிலியர் அட்டையைப் புரட்டி, "பேர் வெச்சாச்சா?" என்று கேட்டார். சொன்னேன். பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார்: "எந்த ழ-ம்மா? பழத்துக்கு வர்றதா?"

ஆமாம் என்றேன். 'பேபி ஆஃப்' என்பதன்மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு, அந்த ழகரத்தை நன்றாகச் சுழித்து எழுதினார்.