டம்ளரை நழுவவிட்ட ரோபோ கை

சிமுலேஷனில், அதாவது கணினிக்குள் நடத்தும் ஒத்திகையில், 100க்கு 90 தடவை சரியாகத் தூக்கிய என் ரோபோ கை, நிஜ மேசைக்கு வந்ததும் எவர்சில்வர் டம்ளரைப் பாதி உயரத்திலேயே நழுவவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து என்ன சத்தம் என்று கேட்கும் அளவுக்கு.

முதலில் மோட்டாரைத்தான் சந்தேகப்பட்டேன். பிடியை இறுக்கினால் டம்ளர் நின்றது, ஆனால் காகிதக் கப் நசுங்கியது. அப்புறம்தான் உறைத்தது, சிமுலேஷனில் உராய்வுக் குணகத்தை (இரண்டு பரப்புகளுக்கு இடையே எவ்வளவு பிடிமானம் என்று சொல்லும் எண்) எல்லாப் பொருளுக்கும் 1 என்று வைத்திருந்தேன், வழவழப்பான பிளாஸ்டிக் விரலுக்கும் எவர்சில்வருக்கும் இடையில் அவ்வளவு பிடிமானம் எங்கே இருக்கும்? இரண்டு விரல் பிடியில் 100 கிராம் டம்ளர் கிட்டத்தட்ட 1 நியூட்டன் எடை; குணகம் 1 என்றால் ஒவ்வொரு விரலும் அரை நியூட்டன் அழுத்தினால் போதும், 0.2 என்றால் இரண்டரை வேண்டும். ஐந்து மடங்கு!

சரி, விரல்களில் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டினேன். கை திரும்பத் திரும்ப முயன்று, மதிப்பெண்ணை வைத்துத் தானே கற்றுக்கொள்ளும் சிமுலேஷன் பயிற்சியில், எல்லா வழவழப்புக்கும் பழகட்டும் என்று ஒவ்வொரு முயற்சிக்கும் உராய்வை 0.2க்கும் 0.8க்கும் நடுவில் கண்டபடி மாற்றினேன், எடையையும்தான்.

இன்னொரு தப்பும் என்னுடையதே. விரல் மூடியவுடனே 'வெற்றி' என்று மதிப்பெண் கொடுத்துக்கொண்டிருந்தேன், அதுவும் மூடக் கற்றுக்கொண்டது, பிடிக்க அல்ல. இப்போது 10 செ.மீ. தூக்கி, ஆட்டி, 3 விநாடி விழாமல் வைத்திருந்தால்தான் மதிப்பெண்.

டம்ளர் இப்போது நிற்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மட்டும் இன்னும் வழுக்குகிறது.