எரிமலையின் வாயைப் படம் எடுக்க: புகையைக் கையால் மூடிப் பாருங்கள்

தாராவி 90 அடி ரோட்டில் எனக்கு ஒரு சின்ன பிரிண்டிங் கடை. கல்யாண ஆல்பம்தான் சோறு போடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை, இந்தோனேசியா போய்வந்த தம்பி ஒருத்தன் புரோமோ எரிமலைப் படத்தை 12க்கு 18 அளவில் போடச் சொன்னான். "எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டான். படத்தின் நடுவில், கொசுவம் வைத்த மாதிரி வரிவரியாகச் சரியும் ஒரு கூம்பு. "இதுல புரோமோ எது தம்பி?" என்றேன். கூம்பைக் காட்டினான். அது பாத்தோக், பக்கத்தில் நிற்கிற வேறொரு மலை. புரோமோ அதற்கு இடப்பக்கம், தலையைச் சீவிவிட்ட மாதிரி வாய் அகன்று புகைவது. அவன் படத்தில் அது ஓரத்தில் பாதி அறுபட்டுக் கிடந்தது.

நானும் அங்கே இரண்டு விடியற்காலை நின்றவன். அதனால் சொல்கிறேன்: எது எந்த மலை என்று தெரிந்துகொண்டு போங்கள். பின்னால் தூரத்தில் நிற்பது செமேரு, 3,676 மீட்டர், ஜாவாத் தீவிலேயே உயரமானது.

எரிமலையின் வாய் ஒரு பள்ளம். கேமரா பள்ளத்தைத் தட்டையாக்கிவிடும். இதுதான் முழுச் சிக்கலும். சாப்பாட்டுத் தட்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தால் வெறும் கோடு. கொஞ்சம் தாழ்த்தினால் நீள்வட்டம். உள்ளே இருக்கிற சோறு தெரியும். மலைக்கும் அதே கணக்குதான். புரோமோ 2,329 மீட்டர். எல்லோரும் விடியலுக்குப் போய் நிற்கிற பெனஞ்ஜக்கான் 2,770 மீட்டர். அந்த 441 மீட்டர்தான் வாயைத் திறந்து காட்டுகிறது. கீழே மணல்வெளியில் நின்று எடுத்தால் சாம்பல் நிற மேடு ஒன்றுதான் வரும்.

பழக ஜாவா வரை போக வேண்டாம். நம்ம மும்பை வால்கேஷ்வரில், சுற்றிலும் படி இறங்கும் பாண்கங்கா குளம் இருக்கிறது. தண்ணீரை ஒட்டிய படியில் உட்கார்ந்து ஒரு படம், மேல் படியில் நின்று ஒரு படம் எடுங்கள். கிட்டத்துப் படி, நடுவில் தண்ணீர், எதிர்ப்பக்கத்துப் படி, மூன்றும் எதில் தனித்தனியாகத் தெரிகிறதோ அதில்தான் ஆழம் இருக்கும். எரிமலையிலும் கிட்டத்து விளிம்பு, உள்சுவர், எதிர் விளிம்பு என்று இந்த மூன்றையும் தேடுங்கள்.

அடுத்தது வெளிச்சம். பெனஞ்ஜக்கானில் கூட்டம் முழுக்கக் கிழக்கே திரும்பிச் சூரியனை எடுக்கும். எடுக்கட்டும். நீங்கள் தெற்கே பார்த்து நில்லுங்கள். சூரியன் எழுந்ததும் இடப்பக்கமிருந்து சாய்வாக வெளிச்சம் வரும். பாத்தோக்கின் ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு பக்கம் பொன், ஒரு பக்கம் கருப்பு. வாய்க்குள்ளும் ஒரு சுவர் இருட்டில் இருக்கும். அந்த இருட்டை எடிட்டிங்கில் தூக்கிவிடாதீர்கள், பள்ளத்தைப் பள்ளமாகக் காட்டுவது அதுதான். வெயில் ஏறினால் நிழல் சுருங்கிவிடும், கிளம்பிவிடலாம்.

லென்ஸ் 70-200 மி.மீ. ஜூம் போதும். அகல லென்ஸ் போட்டால் செமேரு சுண்டைக்காயாகிவிடும். புகை வெள்ளை என்பதால் எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். வெளுத்துப்போன புகையை என் மெஷினாலும் மீட்க முடியாது. ஷட்டர் 1/250 விநாடி வைத்தால் புகை காலிஃபிளவர் மாதிரி முடிச்சு முடிச்சாக நிற்கும். சிலர் நீள எக்ஸ்போஷரில் பஞ்சாக்குவார்கள். எனக்கு அது பிடிக்காது, உள்ளிருந்து பீறிடுகிற வேகம் போய்விடுகிறது. புகை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் இடம் விடுங்கள்.

விளிம்புக்கு ஏற சுமார் 250 படிகள். மேலே போனால் படத்தில் ஒரு ஆள் வேண்டும். ஆள் இல்லாத பள்ளம் கிணறா, எரிமலையா என்று கண்ணுக்குப் பிடிபடாது. அந்த மலைப்பக்கம் வாழ்கிற தெங்கர் இந்துக்களின் கசாதா திருவிழாவில் காய்கறி, கோழி, ஆடு என்று வாய்க்குள் வீசுவார்கள். அதைப் பிடிக்க வலையோடு உள்சரிவிலேயே ஆட்கள் நிற்பார்கள். நீங்கள் அப்படி இறங்க வேண்டாம். கந்தகக் காற்று முகத்தில் அடித்தால் உடனே விலகுங்கள். அங்கே லென்ஸ் மாற்றாதீர்கள். சாம்பல் என்பது பொடிக் கண்ணாடி. துணியால் துடைத்தால் கீறிவிடும், முதலில் காற்றடிக்கும் ரப்பர் பம்பால் ஊதுங்கள்.

இனி, எடுத்த படத்தை எடைபோடுவது. நான் கட்டிங் மேஜையில் படத்தைத் தலைகீழாக வைப்பேன். மலை என்கிற நினைப்பு போய், கருப்பும் வெளுப்பும் எங்கே கனக்கிறது என்று மட்டும் தெரியும். பிறகு நேராகத் திருப்பி, புகையை உள்ளங்கையால் மூடுவேன். மிச்சம் இருப்பது பார்க்கிற மாதிரி இருந்தால் படம் தேறும்; ஒன்றுமே இல்லையென்றால் நாம் எடுத்தது புகையை மட்டும்தான். கடைசியாக விரலை எதிர் விளிம்பில் வைத்து, கண் உள்ளே இறங்க வழி இருக்கிறதா என்று பார்ப்பேன்.

தம்பி படத்தில் புகையை மூடினேன். பாதி வானம், நடுவில் பாத்தோக், அவ்வளவுதான். அவனே, "வேற இருக்கு அண்ணாச்சி" என்று போனைத் திறந்தான். நாற்பது, ஐம்பது படம் தள்ளியபின் ஒன்று வந்தது: விளிம்பில் சாரோங் போர்த்திய குதிரைக்காரர் ஒருவர் முதுகு காட்டி நிற்கிறார், அவர் முழங்காலுக்குக் கீழே உள்சுவர் இருட்டுக்குள் சரிகிறது, எதிர் விளிம்பில் மெல்லிசாக வெயில். மேலே இரண்டு அங்குலம் வானத்தை வெட்டி, அதைத்தான் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.